சுமைகூலி முக்கால் பணம்: மொஹாவி பாலையில் கைவிடப்பட்ட ரயில்களும் சுரங்கங்களும்



வரலாற்றுச் சின்னங்களைப் பற்றி ஏதேனும் ஒரு பொருளில் பேசலாம் என்று, இந்தச் சொற்பொழிவை ஏற்பாடு செய்த அறக்கட்டளையார் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். சின்னம் என்றதும் கோயிலும் கோட்டையும் கல்வெட்டும் நினைவுக்கு வருவது நம் வழக்கம். நான் எடுத்துக்கொண்டது மிக இளமையான இடிபாடுகள். அமெரிக்காவின் கலிபோர்னியாவும் நெவாடாவும் சந்திக்கும் மொஹாவி பாலையில் சுமார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ரயில் போட்டார்கள், சுரங்கம் வெட்டினார்கள், ஊர் கட்டினார்கள். ஒரு தலைமுறைக்குள் பெரும்பாலானவற்றைக் கைவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன தடங்களை எப்படி வாசிப்பது என்பதே இன்றைய பேச்சு.

அந்தப் பக்கத்து இடிபாடுகளின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூரையில்லாத மூன்று மாடிச் சுவர், பின்னால் வெறும் மலை, மேலே மேகமில்லாத வானம். "பேய் ஊர்" என்று கீழே எழுதியிருக்கும். தங்கம் தீர்ந்தது, மக்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள், வறண்ட காற்று எல்லாவற்றையும் அப்படியே காத்துவைத்தது என்று கதை சொல்வார்கள். இந்தக் கதையில் பாதிக்கு மேல் தவறு. அங்கே யாரும் எதையும் போட்டது போட்டபடி விட்டுப்போகவில்லை. கதவு, சன்னல், பலகை, ஆணி, தண்டவாளம், அடிக்கட்டை எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டுதான் போனார்கள். எடுத்துப்போகக் கட்டுப்படியாகாதது மட்டுமே இன்று நிற்கிறது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் ஊரில் ஒரு சொலவடை உண்டு. மொஹாவியின் நவீன வரலாறு முழுவதையும் இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம் என்பதே என் வாதம். எந்தக் கல் தாது ஆனது, எந்த ஊர் எழுந்தது, எது சாய்ந்தது, இன்று எது மிச்சமிருக்கிறது ஆகிய எல்லாவற்றையும் தீர்மானித்தது சுமைகூலிதான்.

வெண்காரமும் கோவேறு கழுதைகளும்

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். மரணப் பள்ளத்தாக்கு எனப்படும் டெத் வேலியின் அடித்தரை கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றும் உலகின் அதிகபட்ச வெப்பமாகக் கணக்கில் இருக்கிறது. ஆண்டு மழை சராசரியாக 5 செ.மீ. அளவே. கிழக்கே ஒரு மலைத்தொடரைத் தாண்டினால் அமர்கோசா பள்ளத்தாக்கு. அமர்கோசா ஆறு பெரும்பகுதி மண்ணுக்கடியிலேயே ஓடுகிறது, சில இடங்களில் மட்டும் தலைகாட்டுகிறது.

இந்த நிலத்திலிருந்து பெரிய அளவில் முதலில் வெளியே போனது தங்கம் அல்ல, வெண்காரம். நம் பொற்கொல்லர் பட்டறையில் பற்றவைக்கப் பயன்படும் அதே வெண்காரம்தான். 1880களின் தொடக்கத்தில் வில்லியம் டெல் கோல்மன் என்ற வணிகர் டெத் வேலியின் நடுவே ஹார்மனி வெண்கார ஆலையை அமைத்தார். காய்ந்த ஏரிப்படுகையில் பூத்துக்கிடந்த உப்பைச் சீனத் தொழிலாளர்கள் வாரிக்கொண்டு வந்தார்கள். அதைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, படிகமாக்கி எடுத்தார்கள். கோடையில் ஆறவிட்டாலும் ஆறாது. அந்த மாதங்களில் வேலை வேறோர் ஆலைக்கு மாறியது.

பொருளை எடுப்பது சுலபமாக இருந்தது, கொண்டுபோவதுதான் பாடு. மிக அருகில் இருந்த ரயிலடி மொஹாவி என்ற ஊர், சுமார் 265 கி.மீ. தொலைவு. பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் பூட்டிய வண்டித்தொடர் ஒரு வழிக்கு மட்டும் பத்து நாள் எடுத்தது. இரண்டு பார வண்டிகள், ஒவ்வொன்றிலும் அமெரிக்கக் கணக்கில் 10 டன் வெண்காரம், பின்னால் சுமார் 4,500 லிட்டர் கொள்ளும் ஒரு தண்ணீர்த் தொட்டி. மொத்தம் 36.5 டன். கூலி தரும் சரக்கு அதில் 20 டன்தான். மீதி வண்டியின் எடையும் தண்ணீரும் தீவனமும். வழியில் தண்ணீர் கிடைக்காத நிலத்தில், சரக்கைச் சுமக்கும் விலங்குக்கான தண்ணீரையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

1888இல் கோல்மனின் வணிகம் சரிந்தது. அவர் சொத்துகள் பிரான்சிஸ் மரியன் ஸ்மித்தின் கைக்கு வந்தன. வெண்காரத்தாலேயே பெயர் பெற்ற அந்த மனிதர் டெத் வேலியை அப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, காலிகோ மலையில் போரேட் என்ற இடத்தில் வெட்டத் தொடங்கினார். ஹார்மனியின் ஏரிப்படுகையில் உப்பு தீர்ந்துவிடவில்லை. போரேட் ரயில்பாதைக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். கோவேறு கழுதைகளின் பெருமையை விளம்பரங்கள் இன்றும் பாடுகின்றன. உண்மையில் அந்த வண்டிகள் டெத் வேலியில் ஓடியது ஐந்தாறு ஆண்டுகள்தான்.

கடலையும் தொடாத, டொனோபாவையும் தொடாத ரயில்

நூற்றாண்டு திரும்பும்போது போரேட் சுரங்கம் வற்றத் தொடங்கியது. ஸ்மித்தின் பார்வை மறுபடி டெத் வேலிப் பக்கம் திரும்பியது. அமர்கோசா அருகே லைலா சி என்ற சுரங்கம் அவர் வசம் இருந்தது. கோவேறு கழுதைக்கு மாற்றாக ஒரு நீராவி இழுவை வண்டியை அனுப்பிப் பார்த்தார், அது வழியிலேயே படுத்துக்கொண்டது. ரயில் போட்டால்தான் கட்டும் என்று முடிவானது. அதே நேரத்தில் வடக்கே நெவாடாவில் டொனோபாவில் வெள்ளியும் கோல்ட்ஃபீல்டில் தங்கமும் கிடைத்திருந்தன. வெண்காரத்துக்கென்று போடும் ரயிலை அங்கேவரை நீட்டினால் இரட்டை வருமானம். 1904இல் "டொனோபா அண்டு டைடுவாட்டர்" ரயில் நிறுவனம் பதிவானது. பெயருக்கேற்ப ஒரு முனை டொனோபா, மறு முனை கடல் என்பது திட்டம்.

லாஸ் வேகஸிலிருந்து பாதை போட ஸ்மித் மண்வேலையைத் தொடங்கினார். அந்த ஊர் வழியாகச் சென்ற பெரிய ரயில்பாதை செனட்டர் வில்லியம் கிளார்க்குடையது. மொன்டானாவின் செம்புச் சுரங்கங்களில் செல்வம் சேர்த்தவர் அவர். முதலில் தலையாட்டிய கிளார்க், பிறகு தன் பாதையோடு இணைக்க இடம் தரமாட்டேன் என்றார். நெவாடாத் தங்கத்தின் சரக்குக் கூலி அடுத்தவர் பெட்டிக்கு ஏன் போக வேண்டும் என்ற எண்ணம்தான். ஸ்மித் வேறு வழியின்றித் தெற்கே லட்லோ என்ற இடத்துக்குப் போய், சாண்டா ஃபே ரயில்பாதையிலிருந்து புதிதாகத் தொடங்கினார். லாஸ் வேகஸில் ஸ்மித் போட்டிருந்த மண்கரையைக் கிளார்க் தரப்பு வாங்கி, அதன்மேல் "லாஸ் வேகஸ் அண்டு டொனோபா" என்ற போட்டிப் பாதையைப் போட்டது.

ஸ்மித்தின் பாதை காய்ந்த ஏரிகளைக் கடந்து, மணல்மேடுகளுக்கு ஒதுங்கி, அமர்கோசா ஆறு அறுத்த குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. கோடையில் அங்கே வேலை செய்ய ஆள் நிற்கவில்லை. வெட்டும் பாலமுமாக அந்தக் கொஞ்ச தூரமே மாதக்கணக்கில் இழுத்தது. 1907 அக்டோபர் கடைசியில் பாதை சுமார் 270 கி.மீ. ஓடி, பீட்டி ஊருக்குத் தெற்கே கோல்ட் சென்டரில் முடிந்தது. அதற்கு வடக்கே மற்ற நிறுவனத்தாரின் தண்டவாளத்தில் வண்டி ஓட்டிக்கொண்டார்கள். டொனோபாவும் வரவில்லை, கடலும் வரவில்லை. பெயர்ப் பலகையில் இரண்டும் கடைசிவரை இருந்தன.

ரயோலைட்: கட்டியதும் கழற்றியதும்

இந்த ரயில்கள் ஓடிப் பிடிக்கப் பார்த்த ஊர் ரயோலைட். 1904 ஆகஸ்டில் ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ் என்ற இரு தேடுநர்கள் புல்ஃபிராக் குன்றுகளில் தங்கம் கண்டார்கள். அடுத்த ஆண்டே பக்கத்தில் ஊர் எழுந்தது. எஃகு அதிபர் சார்லஸ் ஷ்வாப் 1906இல் மான்ட்கமரி ஷோஷோனி சுரங்கத்தை வாங்கிக் குழாய்த் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பணத்தை இறக்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் கிளார்க்கின் முதல் ரயில் வந்தது. 1907 முடிவதற்குள் மூன்று நிறுவனங்களின் வண்டிகள் அங்கே வந்துபோயின. உச்சத்தில் 3,500 முதல் 5,000 பேர்வரை இருந்தார்கள் என்பது மதிப்பீடு. பங்குச் சந்தை, மருத்துவமனை, பள்ளி, நடன அரங்கு எல்லாம் இருந்தன. ஜான் குக் வங்கியின் மூன்று மாடிக் கட்டடத்துக்கு 90,000 டாலர் செலவானது. பளிங்குத் தரையும் மகோகனி மரவேலையும் கொண்ட கட்டடம் அது.

1907 அக்டோபரில் நியூயார்க்கில் பணச்சந்தை முறிந்தது. பங்கு விற்று வளர்ந்த ஊருக்குப் பணவரத்து நின்றது. சுரங்கத்தில் தங்கம் இருந்தது, பங்குப் பத்திரத்தில் சொன்ன அளவுக்கு இல்லை. 1910 கணக்கெடுப்பில் ரயோலைட்டில் 675 பேர். 1911 மார்ச்சில் மான்ட்கமரி ஷோஷோனி சுரங்கமும் ஆலையும் மூடப்பட்டன. 1914இல் கடைசி ரயில் புறப்பட்டது, 1916இல் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். 1920 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 14 பேர்.

இனிமேல்தான் நமக்குத் தேவையான கதை. பாலையில் பலகைக்கு ஆகும் மரம் கிடையாது. ஒவ்வொரு பலகையும் எங்கிருந்தோ கூலி கொடுத்துக் கொண்டுவந்தது. ஆகவே ஊர் சாய்ந்ததும் ஊரே ஒரு பலகைக் கிடங்காக மாறியது. ரயோலைட்டின் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தை அப்படியே பெயர்த்துச் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த பீட்டிக்குக் கொண்டுபோனார்கள். அது அங்கே ஊர் மன்றமானது. இரண்டறை வீடுகளைக் கொண்டுபோய் ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிய வீடுகளாக்கினார்கள். பல கட்டடங்களின் பாகங்கள் பீட்டியில் பள்ளிக்கூடமாக எழுந்தன. குக் வங்கியின் பளிங்கும் மரவேலையும் போய்விட்டன. கான்கிரீட்டும் கல்லும் மட்டும் நிற்கின்றன. ரயோலைட்டில் இன்று தலைநிமிர்ந்து நிற்பவை வங்கிச் சுவர், பள்ளிச் சுவர், சிறைக்கூடம், ரயில் நிலையம் போன்றவைதான். அவற்றை ஊரின் பெருமைக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். கான்கிரீட்டைப் பெயர்த்து எடுத்துப்போனால் காசு தேறாது என்பதே அவை நிற்பதற்கான காரணம்.

அதே ஊரில் இன்னொரு கட்டடம். 1906இல் டாம் கெல்லி என்ற முதியவர் சுமார் 50,000 கண்ணாடிப் புட்டிகளை மண்சாந்தில் அடுக்கி ஒரு வீடு கட்டினார். பெரும்பாலும் பீர் புட்டிகள். நிரம்பி வந்த புட்டிக்கு வண்டிக் கூலி கொடுக்க ஆள் இருந்தார்கள், காலிப் புட்டியைத் திருப்பி அனுப்ப யார் கொடுப்பார்கள்? அது ஊரிலேயே குவிந்தது. மரம் விலை, புட்டி சும்மா. வேடிக்கையான வீடு என்று பயணிகள் படமெடுக்கும் அந்தச் சுவர் உண்மையில் ஒரு நல்ல வீட்டுக் கணக்கு.

ரயோலைட்டுக்கு நேர்மாறான ஊர் கிரீன்வாட்டர். 1906, 1907இல் செம்பு கிடைக்கிறதென்று மலைமேல் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். தண்ணீர் பீப்பாயில் வண்டியேறி வந்தது. ரயில் வரும் வரும் என்றார்கள், வரவே இல்லை. மேல்மண்ணில் தெரிந்த செம்பு ஆழத்தில் இல்லை. ஓரிரு ஆண்டில் ஊர் கலைந்தது. ரால்ஃப் ஃபேர்பேங்க்ஸ் என்பவர் அங்கிருந்த கட்டடங்களைப் பெயர்த்துக்கொண்டு போய், ஸ்மித்தின் ரயில்பாதை ஓரத்தில் ஷோஷோனி என்ற ஊரை 1910இல் தொடங்கினார். ஷோஷோனி இன்றும் இருக்கிறது. கிரீன்வாட்டரில் பார்ப்பதற்குத் தரையில் சில பள்ளங்களும் துருப்பிடித்த தகரமும்தான் உண்டு. ஓர் ஊரை அது நின்ற இடத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. அதன் பலகை போன ஊரிலும் தேட வேண்டும்.

வற்றாத சுரங்கம், வற்றிய ரயில்

ஸ்மித்தின் ரயிலுக்கு வருவோம். தங்க ஊர்கள் ஒவ்வொன்றாய் விழுந்த பிறகு அதைத் தாங்கியது வெண்காரம்தான். லைலா சி சுரங்கம் தளர்ந்ததும், 1914இல் டெத் வேலி ஜங்ஷனிலிருந்து மேற்கே சுமார் 32 கி.மீ. தொலைவுக்கு மூன்றடி அகலக் குறுகிய பாதை ஒன்று போட்டார்கள். அதன் முனையில் புதிய சுரங்க ஊர். லைலா சி பக்கத்துப் பழைய ஊரின் கட்டடங்களோடு ரயன் என்ற பெயரையும் சேர்த்தே தூக்கிவந்தார்கள்.

1920களின் நடுவில் மேற்கே கிரேமர் என்ற இடத்தில், சாண்டா ஃபே தலைமைப் பாதைக்கு அருகிலேயே, பெரும் வெண்காரப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் படிவை ஒட்டிய ஊருக்கு இன்று போரான் என்றே பெயர். ரயன் சுரங்கங்களில் தாது இன்னும் இருந்தது. ஆனால் குறுகிய பாதையில் ஏற்றி, அகலப் பாதைக்கு மாற்றி, சுமார் 200 கிலோமீட்டர் தெற்கே இழுத்து, மறுபடி சாண்டா ஃபேயிடம் ஒப்படைக்கும் சரக்கு, அந்தப் பாதையின் ஓரத்திலேயே தோண்டும் சரக்கோடு எப்படிப் போட்டியிடும்? 1927இல் வெண்கார நிறுவனம் வேலையை அங்கே மாற்றிக்கொண்டது.

கையில் ஒரு ரயில், சரக்கு இல்லை. அதே 1927இல் நிறுவனம் டெத் வேலியில் ஃபர்னஸ் கிரீக் விடுதியைத் திறந்தது. தாது ஏற்றிய பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றினால் என்ன என்ற யோசனை. யோசனை நல்லதுதான், பயணிகள் காரில் வந்தார்கள். குறுகிய பாதை 1931இல் நின்றது. தலைமைப் பாதை மேலும் சில ஆண்டுகள் இழுத்துக்கொண்டிருந்தது. 1938 வெள்ளம் பல இடங்களில் கரையை அறுத்தது. 1940 ஜூன் 14 அன்று ஓட்டம் முற்றிலும் நின்றது. போர்க்காலத்தில் பழைய இரும்புக்கு விலை ஏறியது. 1942, 1943இல் தண்டவாளம் முழுவதையும் கழற்றி எடுத்தார்கள். அடிக்கட்டைகளும் வீணாகவில்லை. பார்ஸ்டோ நகரில் ஒரு பயணியர் விடுதியே அந்தக் கட்டைகளால் எழுந்தது.

கிளார்க்கின் பாதை அதற்கு முன்பே, 1918இல் நின்றுவிட்டது. மேடுபள்ளம் சமன்செய்த அதன் மண்கரையை நெடுஞ்சாலைக்கு எடுத்துக்கொண்டார்கள். லாஸ் வேகஸிலிருந்து வடக்கே போகும் இன்றைய 95ஆம் எண் சாலை நீண்ட தொலைவுக்கு அந்தப் பழைய தடத்தையே ஒட்டிப் போகிறது. ஸ்மித் தொடங்கிய மண்வேலை கிளார்க்கிடம் போய், கிளார்க்கிடமிருந்து அரசுக்குப் போய், கடைசியில் ரயிலை ஒழித்த காருக்கே பாதையானது.

தண்டவாளம் இல்லாத ரயிலை எப்படி வாசிப்பது

இரும்பும் போய், மரமும் போன பிறகு மிஞ்சுவது மண். ஸ்மித்தின் பாதை போன இடங்களில் சாய்வான காலை வெயிலில் நின்றால், தரையில் வரிவரியாக மேடும் குழியும் தெரியும். அடிக்கட்டைகளை உருவியெடுத்த அச்சுகள் அவை. அவற்றின் இடைவெளியை அளந்தால் ஒரு மைலுக்கு எத்தனை கட்டை போட்டார்கள் என்றுகூடச் சொல்லிவிடலாம். சில்வர் லேக் என்ற காய்ந்த ஏரியில் முதலில் படுகையின் குறுக்கேயே பாதை போட்டிருந்தார்கள். 1916இல் மொஹாவி ஆறு பொங்கி ஏரி நிறைந்தது, தண்டவாளம் தண்ணீரில் மூழ்கியது. பிறகு கிழக்குக் கரையோரமாகப் புதிதாகப் போட்டார்கள், ஊரும் அங்கே நகர்ந்தது. ஒரே ரயிலுக்கு அங்கே இரண்டு தடங்கள் இருப்பது அதனால்தான்.

பாதைக்கு மேல்பக்கம், மலைச்சரிவை நோக்கி, சாய்வாகப் போட்ட சிறு மண்வரப்புகளையும் காணலாம். பாலையில் மழை ஆண்டில் சில நாள்தான், ஆனால் பெய்தால் சரிவு முழுவதும் தகடாகத் தண்ணீர் இறங்கும். அத்தனை இடத்திலும் பாலம் போட முடியாது. ஆகவே வரப்பால் தண்ணீரைத் திருப்பி, ஒரு பாலத்தின்கீழ் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த வரப்புகளின் விளைவைச் செடிகள் இன்றும் காட்டிக்கொண்டிருக்கின்றன. மொஹாவியின் பொதுவான செடி கிரியோசோட் புதர். கரைக்கு மேல்பக்கம், தண்ணீர் தேங்கும் இடத்தில், அது செழித்து நிற்கிறது. கீழ்ப்பக்கம், தண்ணீர் வராமல் தடுக்கப்பட்ட இடத்தில், செடிகள் மெலிந்து அருகிப்போயிருக்கின்றன. தண்டவாளம் போய் எண்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த நிலத்தில் தண்ணீர்ப் பங்கீட்டை அந்த ரயில்தான் தீர்மானிக்கிறது. மேலேயிருந்து எடுத்த படங்களில் பாதையைச் சட்டென்று அடையாளம் காண உதவுவதும் இந்தச் செடி வேற்றுமைதான்.

இன்னும் அருகே குனிந்து பார்த்தால் தகர டப்பாக்கள். தொழிலாளர் முகாம் இருந்த இடத்தையெல்லாம் அவை காட்டிக்கொடுக்கும். பழைய டப்பாவின் மூடியில் ஒரு வட்டத் தகடு பற்றவைத்திருக்கும், அதன் நடுவில் ஒரு துளி ஈயப்பற்று. உள்ளே உணவை அடைத்து, தகட்டை வைத்து மூடி, ஆவி போக விட்ட சிறு துளையைக் கடைசியாக ஒரு சொட்டு ஈயத்தால் அடைப்பார்கள். 1904க்குப் பிறகு விளிம்பை மடித்து அழுத்தி மூடும் புதுவகை டப்பா பரவியது. ஆகவே ஒரு குவியலில் எந்த வகை எவ்வளவு என்று எண்ணினால் முகாமின் காலம் ஓரளவு பிடிபடும். பக்கத்திலேயே ஊதா நிறக் கண்ணாடித் துண்டு கிடந்தால் அதுவும் ஒரு சாட்சி. முதல் உலகப் போர்க் காலம்வரை, கண்ணாடியின் பச்சை நிறத்தைப் போக்க மாங்கனீசு கலந்தார்கள். பல்லாண்டு வெயிலில் கிடந்தால் அது ஊதாவாக மாறும். கல்வெட்டு வாசிப்பவர் எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பதைப் போன்ற வேலைதான் இது. அதனால்தான் தேசியப் பூங்காவுக்குள் ஒரு துருப்பிடித்த டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதும் குற்றம். டப்பாவை அது கிடந்த இடத்தோடு சேர்த்தால்தான் பொருள் உண்டு.

சுமைகூலியில் வராத கணக்கு

இதுவரை சொன்னது, காசு தேறியது போனது, தேறாதது நின்றது என்ற கணக்கு. அந்தக் கணக்கில் எழுதப்படாத ஒரு பக்கமும் உண்டு.

டெத் வேலியின் கிழக்கு மலைச்சரிவில் கீன் வொண்டர் தங்கச் சுரங்கம் இருக்கிறது. மேலே வெட்டிய தாதுவைக் கீழே ஆலைக்குக் கொண்டுவர, 1907 வாக்கில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிவடப் பாதை அமைத்தார்கள். தாது நிறைந்த தொட்டிகள் இறங்கும் எடையே காலித் தொட்டிகளை மேலே இழுத்துவிடும். எஞ்சின் வேண்டாம், எரிபொருள் வேண்டாம். சுமைகூலியை ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் ஆக்கிய அழகான ஏற்பாடு, அதன் மரக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் ஆலையில் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசமும் சயனைடும் பயன்பட்டன. அரைத்த கழிவு மண்ணை அங்கேயே கொட்டினார்கள். மலைக்குள் வெட்டிய குடைவுகளை அப்படியே விட்டுப்போனார்கள். அதனால் 2008இல் அந்த இடத்தையே பொதுமக்களுக்கு மூட வேண்டியதாயிற்று. அரசுப் பணத்தில் சீர்செய்து, 2017இல்தான் மறுபடி திறந்தார்கள். பாலை முழுவதும் இப்படி ஆயிரக்கணக்கான குழிகள். பலவற்றில் வௌவால்கள் குடியேறிவிட்டதால், அவை போய்வர இடைவெளி விட்டு இரும்புக் கம்பிக் கதவு போடுகிறார்கள். தங்கம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள், குழிக்குக் கதவு போடும் செலவு பொதுமக்கள் தலையில் விழுந்தது.

இதைவிடப் பெரிய கடன் ஒன்று உண்டு. அந்தப் பள்ளத்தாக்கு ஆளில்லாத நிலம் அல்ல. டிம்பிஷா ஷோஷோனி மக்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தார்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் ஊற்றுகளருகே, கோடையில் மலைமேல் என்று அவர்கள் வாழ்க்கை பருவத்தோடு நகர்ந்தது. வெண்கார ஆலைக்கும் விடுதிக்கும் தேவைப்பட்டது அதே ஊற்றுகள்தான். 1933இல் பள்ளத்தாக்கு தேசிய நினைவுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1936இல் அவர்களை ஃபர்னஸ் கிரீக் அருகே 40 ஏக்கரில் குடியமர்த்தி, மண் செங்கல் வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். 1950களின் பிற்பகுதியில், ஆள் இல்லை என்று கருதிய வீடுகளைப் பூங்கா நிர்வாகம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கரைத்தது. கோடையில் மலைக்குப் போயிருப்பது வீட்டைக் கைவிட்டதாகக் கணக்காயிற்று. சுரங்கக்காரர்களின் சுவருக்கு முட்டுக்கொடுத்துக் காத்த அதே நிலத்தில், உண்மையில் கைவிடாத வீடுகள் கரைந்தன. 1983இல் அந்த மக்களுக்குக் கூட்டரசின் அங்கீகாரம் கிடைத்தது. 2000இல் வந்த ஒரு சட்டம் 7,500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அவர்களுக்குத் திருப்பியளித்தது. அவர்களைப் பற்றி ரயோலைட் படத்தின்கீழ் ஒரு வரிகூட இருக்காது.

எதைக் காப்பது

டெத் வேலியில் சுரங்க வேலை ரயிலோடு முடிந்துவிடவில்லை. பூங்கா நிலங்களில் சுரங்க உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1976இல்தான் வந்தது. பூங்காவின் கடைசி வெண்காரச் சுரங்கம் 2005வரை இயங்கியது. இன்று மின்கலங்களுக்கு லித்தியம் தேவைப்படுகிறது. அமர்கோசாப் பள்ளத்தாக்கின் ஊற்று நிலங்களுக்கு அருகே துளையிட்டுப் பார்க்க ஒரு நிறுவனம் முன்வந்தபோது, 2023இல் உள்ளூர் மக்கள் சேர்ந்து எதிர்த்தார்கள். பழைய ரயில்கரையையும் கழிவு மண்ணையும் அன்றாடம் பார்த்து வாழ்பவர்கள் அவர்கள். விளைச்சல் எங்கே போகும், குழி எங்கே இருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாப்பு என்று வரும்போது உயரமாக நிற்கும் சுவருக்கே முதலில் பணம் ஒதுக்குகிறோம். படத்தில் நன்றாக விழுவதும் அதுதான். ரயோலைட்டின் வங்கிச் சுவரைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஒன்றை மட்டும் காத்தால் வரலாற்றைத் தலைகீழாகக் காத்ததாகிவிடும். முதலீடு செய்தவர்களின் ஆசை சுவரில் தெரிகிறது, வேலை செய்தவர்களின் வாழ்க்கை டப்பாக் குவியலில்தான் தெரிகிறது. பொறியாளரின் அறிவு செடிகளுக்கிடையே மறைந்த வரப்பில் இருக்கிறது. பெயர்த்தெடுத்த ஊர் பீட்டியிலும் ஷோஷோனியிலும் வேறு உருவில் வாழ்கிறது. அந்த நிலத்தின் உண்மையான உரிமைக்காரர்களின் தடமோ தண்ணீரில் கரைக்கப்பட்டது, அதை இன்று அவர்கள் வாய்ச்சொல்லிலிருந்துதான் மீட்டெடுக்க முடியும். இவை அத்தனையும் ஒரே சின்னத்தின் பகுதிகள் என்று ஏற்றுக்கொள்ளும் பாதுகாப்புக் கொள்கையே நமக்கு வேண்டும்.

இங்கே வரலாறும் தொல்லியலும் படிக்கும் மாணவர்கள் நிறையப்பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரு பழக்கம். கைவிடப்பட்ட ஆலையோ சுரங்கமோ ரயிலோ, எதன் முன் நின்றாலும், கண்ணில் படுவதைக் குறித்துக்கொள்ளும் முன் கண்ணில் படாததைப் பட்டியலிடுங்கள். எது போனது, அதை ஏற்றிப்போகக் கூலி கொடுத்தவர் யார், அது இப்போது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பிறகு மிஞ்சியதைப் பாருங்கள். அதில் ஒரு பகுதி, தூக்கிப்போகக் கட்டுப்படியாகாத சரக்கு. இன்னொரு பகுதி யாரோ கட்டாமல் விட்டுப்போன கடன். இரண்டையும் ஒரே இடிபாடாகப் பார்க்கும்வரை நாம் அழகை ரசிப்பவர்களாகவே இருப்போம். அவற்றைப் பிரித்துக் காட்டும் நாளில்தான் நம் வேலை வரலாறு ஆகும், அந்தக் கடனை யாரிடம் கேட்பது என்பதற்கும் ஒரு சான்று கிடைக்கும்.